புலி எங்கே? கம்பியில்லாத உயிரியல் பூங்காவைப் பார்ப்பது எப்படி

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு முதல்முறை போய்வந்தவர்களைக் கேட்டால், பலரும் சொல்வது இதுதான்: "கால் வலிக்க நடந்தோம், புலியே கண்ல படல." டிக்கெட் எடுத்து, பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்து, வெயிலில் வரிசையாக நின்று பார்த்தவர்களின் வருத்தம் அது. அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் புலி தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று யாரோ யோசித்து, மண்ணைக் கொத்தி, மூங்கிலும் புதரும் நட்டு வளர்த்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடு என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால், அதே பூங்கா வேறு மாதிரி தெரியும்.

முதலில் அடிப்படை. பழைய மிருகக்காட்சி சாலையில் ஒரு கூண்டு இருக்கும்: சிமென்ட் தரை, மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் இரும்புக் கம்பி. கழுவ எளிது, பார்க்க எளிது, விலங்குக்கு மட்டும் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்றைய நல்ல பூங்காக்களில் அதற்குப் பதிலாக இருப்பது இயற்கைச் சூழல் அடைப்பிடம். மண் தரை, மேடு பள்ளம், மரம், தண்ணீர், நிழல், மறைவு எல்லாம் உள்ள ஒரு நிலத்துண்டில் விலங்கை விட்டு, அதற்கும் நமக்கும் நடுவே கண்ணை உறுத்தாத ஒரு தடுப்பை வைப்பது. அது எந்தக் காட்டிலிருந்து வந்த இனமோ அந்தக் காட்டின் முக்கியமான குணங்களை அங்கே கொண்டுவரப் பார்ப்பது. கருத்து இவ்வளவுதான். செய்வதில்தான் சிரமமெல்லாம்.

இந்தக் கருத்து தொடங்கிய இடம் ஜெர்மனியின் ஹாம்பர்க். கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி 1907-இல் அந்த நகரத்தை ஒட்டிய ஸ்டெல்லிங்கனில் ஒரு பூங்காவைத் திறந்தார். அதில் சிங்கத்துக்கு முன்னால் கம்பி கிடையாது. முன்னால் நீர்ப்பறவைகள், அதற்குப் பின்னால் புல்மேயும் விலங்குகள், அதற்கும் பின்னால் சிங்கம், கடைசியில் செயற்கைப் பாறைக் குன்று. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இருந்த அகழி பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி மட்டம் பார்த்து அமைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே வெளியில் நிற்பது போல இருக்கும். எந்த விலங்கு எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் தாண்டும் என்பதை முன்பே சோதித்துப் பார்த்துத்தான் அகழியின் அளவை முடிவு செய்தார். 1896-லேயே இந்த அமைப்புக்குக் காப்புரிமையும் வாங்கியிருந்தார்.

இதே ஹாகன்பெக் 1870-களிலிருந்து மனிதர்களையும் காட்சிப்படுத்தியவர். வடதுருவப் பகுதி, ஆப்பிரிக்கா, நம் பக்கத்தில் இலங்கை என்று பல இடங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போய், ஐரோப்பிய நகரங்களில் 'கிராமம்' அமைத்து, டிக்கெட் போட்டுக் காட்டினார். கம்பியில்லாத காட்சியும் இந்தக் காட்சியும் ஒரே ஆளின் கையில் உருவானவை. அதனால் அவரை விலங்குகளின் இரட்சகர் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவருடைய அகழி, முதலில் பார்வையாளரின் கண்ணுக்கு விருந்தாகத்தான் வெட்டப்பட்டது. விலங்கின் நலம் என்ற கணக்கு பிற்பாடு வேறு சிலர் சேர்த்தது.

அந்த அகழி நம் நாட்டுக்கு வந்த வழியும் சுவையானது. கார்லின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் ஜான் ஹாகன்பெக் கொழும்பில் தங்கி வியாபாரம் செய்தவர். தெஹிவளை மிருகக்காட்சி சாலை அவர் 1920-களில் தொடங்கியதுதான். கம்பெனி நொடித்துப் போக, 1936-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பின்னாளில் டெல்லியில் தேசிய விலங்கியல் பூங்கா அமைக்க நினைத்தபோது, இலங்கைப் பூங்காவின் மேஜர் ஆப்ரி வைன்மனிடம்தான் முதலில் உதவி கேட்டார்கள். அவரால் நீண்டகாலம் தங்க முடியாததால், ஹாம்பர்க்கிலிருந்து அதே குடும்பத்து கார்ல் ஹைன்ரிச் ஹாகன்பெக் வந்து 1956-இல் திட்டம் கொடுத்தார். அகழி வைத்த திறந்த அடைப்பிடங்கள் வேண்டும் என்பது அதில் முக்கியமான பரிந்துரை. 1959-இல் டெல்லி பூங்கா திறந்தது.

சென்னையின் கதை அதைவிடப் பழையது. 1855-இல் அருங்காட்சியகப் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், கர்நாடக நவாபை இசையவைத்து அவரிடமிருந்த விலங்குகளைப் பெற்று மியூசிய வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். 1860-களில் அது பீப்பிள்ஸ் பார்க்குக்கு, அதாவது பிறகு மூர் மார்க்கெட் எழுந்த பகுதிக்கு, மாறியது. ஊரிலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொன்ன காலம் அது. அந்த உயிர் காலேஜில் இடம் கிடையாது, சுற்றிலும் நகரத்துச் சத்தம். 1976-இல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது; 1979-இல் வேலை தொடங்கி, 1985 ஜூலையில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். பிறகு சேர்ந்த நிலத்தோடு இப்போது ஏறக்குறைய 602 ஹெக்டேர். தொடக்கத்தில் அது முள்புதர் மண்டிய வறண்ட நிலம். இன்று நீங்கள் நடக்கும் நிழலில் பெரும்பகுதி நட்டு வளர்த்த நிழல்.

சரி, அந்த அகழியைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்ப்போம். அடுத்தமுறை புலியின் அடைப்பிடத்துக்கு முன் நிற்கும்போது, புலியைத் தேடுவதற்கு முன்னால் கீழே பாருங்கள். உங்கள் இடுப்பளவுக்கு ஒரு கட்டைச்சுவர் அல்லது கைப்பிடி இருக்கும். அதற்கு அப்பால் செடி நட்டிருப்பார்கள். செடிக்குப் பின்னால் சுவர் நேர்க்குத்தாக இறங்கும். அடியில் காய்ந்த தரையோ தண்ணீரோ இருக்கும். அங்கிருந்து எதிர்ப்பக்கம் சரிவாக ஏறி, விலங்கு உலவும் நிலத்தோடு கலந்துவிடும். ஆக, நம் பக்கம் செங்குத்து, அதன் பக்கம் சரிவு. தவறி இறங்கிவிட்டாலும் அதனால் தன் பக்கம் ஏறிப் போய்விட முடியும். நம் பக்கம் ஏற முடியாது. நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் பள்ளம் கண்ணில் படாமல் பார்வை நேராக அந்தப் புல்வெளிக்குத் தாவும். அந்த மட்டக்கணக்குதான் இதன் சூட்சுமம்.

எந்த விலங்குக்கு எந்தத் தடுப்பு என்பது அதன் உடம்பைப் பொறுத்தது. யானையால் குதிக்கவே முடியாது, அதனால் அகலம் குறைந்த பள்ளமே போதும். ஆனால் அதில் விழுந்தால் யானைக்கு உயிராபத்து. ஆகையால் ஆழத்தில் கவனம் வேண்டும். சிம்பன்ஸிக்கு நீந்தத் தெரியாது, தண்ணீர் அகழி அதைத் தடுத்துவிடும். ஆனால் தவறி விழுந்தால் மூழ்கிப் போகும் என்பதால் அதன் பக்கத்துக் கரையை ஆழமில்லாமல் அமைக்க வேண்டும். புலி நன்றாக நீந்தும், தண்ணீரைத் தேடிப் போய் உட்காரும். அதற்குத் தண்ணீர் ஒரு வசதி, தடுப்பு அந்த உயரச் சுவர்தான். சிறுத்தை மரம் ஏறும், அதற்கு அகழி மட்டும் வைத்தால் போதாது, மேலேயும் வலை வேண்டியிருக்கும். ஆகவே ஒரே பூங்காவில் புலி திறந்தவெளியிலும் சிறுத்தை வலைக்குள்ளும் இருப்பதைப் பார்த்து ஒன்றுக்கு நல்லது செய்து இன்னொன்றுக்கு ஓரவஞ்சனை செய்ததாக நினைக்க வேண்டாம்.

அகழி மனிதர்களையும் நம்பி அமைக்கப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. 2014 செப்டம்பரில் டெல்லி பூங்காவில் வெள்ளைப்புலியின் அடைப்பிடத்துக்குள் விழுந்த இளைஞர் ஒருவர் இறந்தார். 2016 மே மாதம் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மூன்று வயதுப் பையன் கொரில்லாவின் அகழிக்குள் விழுந்தான். அவனைக் காப்பாற்ற, ஹராம்பே என்ற அந்தக் கொரில்லாவைச் சுட்டுக் கொன்றார்கள். குழந்தையைக் கட்டைச்சுவர் மேல் உட்காரவைத்துப் படம் எடுக்கும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கம்பியை எடுத்துவிட்டால் மட்டும் விலங்குக்கு நல்ல இடம் ஆகிவிடுமா? ஆகாது. இதைத் தெளிவாக யோசித்தவர் சுவிட்சர்லாந்தின் ஹெய்னி ஹெடிகர். பெர்ன், பாசல், சூரிக் என்று மூன்று ஊர்ப் பூங்காக்களுக்கும் இயக்குநராக இருந்தவர். காட்டு விலங்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தப்பியோடும் தூரம் உண்டு என்றார். ஆள் அந்தத் தூரத்துக்கு வெளியே நின்றால் விலங்கு தன் வேலையைப் பார்க்கும். அதைத் தாண்டி உள்ளே வந்தால் எழுந்து ஓடும். இப்போது இதை அடைப்பிடத்தில் வைத்துப் பாருங்கள். எந்த மூலைக்குப் போனாலும் ஆள் அந்தத் தூரத்துக்குள்ளேயே நிற்கிறான் என்றால், அந்த விலங்கு நாளெல்லாம் ஓடவேண்டிய நிலையிலேயே, ஓட முடியாமல் இருக்கிறது. நாலு பக்கமும் கூட்டம் நின்று பார்க்கிற வட்டமான அடைப்பிடம் இதனால்தான் மோசமானது. பரப்பு எவ்வளவு என்பதோடு, அந்தப் பரப்பில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும் என்பது ஹெடிகர் சொன்ன பாடம்.

பரப்பின் எல்லையை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். இந்தியாவில் 1992 முதல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் இருக்கிறது. ஒவ்வொரு பூங்காவும் அதன் அங்கீகாரம் பெற வேண்டும். அதன் விதிகளின்படி ஒரு ஜோடிப் புலிக்கு வெளி அடைப்பிடம் குறைந்தது 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 25 சென்ட். இரை நிறைந்த நல்ல காட்டில் ஒரு பெண்புலியின் எல்லை சுமார் 20 சதுர கிலோமீட்டர். ஒன்று மற்றொன்றைப் போல 20,000 மடங்கு! எந்தப் பூங்காவும் இதை ஈடுகட்ட முடியாது. 2003-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது: இயற்கையில் அதிக தூரம் அலையும் ஊனுண்ணி இனங்கள்தான், அடைபட்ட நிலையில் அதிகமாக முன்னும் பின்னும் நடக்கின்றன, அவற்றின் குட்டிகளும் அதிகம் இறக்கின்றன. துருவக் கரடி அந்த வரிசையில் முன்னணியில் இருந்தது.

இந்த முன்னும் பின்னும் நடப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே தடத்தில், ஒரே இடத்தில் திரும்பி, ஒரே மாதிரி மறுபடி மறுபடி ஒரு விலங்கு நடந்துகொண்டிருந்தால், பார்வையாளர்கள் மகிழ்ச்சியாக "சுறுசுறுப்பா இருக்கு பார்" என்பார்கள். யானை நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருந்தால் "டான்ஸ் ஆடுது" என்பார்கள். பெரும்பாலும் அது நெருக்கடியின் அடையாளம். சில சமயம் பழைய கூண்டில், சர்க்கஸில், சங்கிலியில் கழித்த காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கமாகவும் இருக்கும். நல்ல இடத்துக்கு வந்த பிறகும் போகாது. சாயங்காலம் தீனி வரும் நேரத்தில் கதவருகே கொஞ்ச நேரம் நடப்பது வேறு விஷயம். அதனால் ஒரு தடவை பார்த்ததை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. ஆனால் புல்வெளியில் ஒரே கோட்டில் மண் தேய்ந்து தடம் விழுந்திருந்தால், அதைக் கவனியுங்கள்.

அப்படியானால் நல்ல அடைப்பிடம் என்று எதைச் சொல்வது? என்னைக் கேட்டால், அது விலங்குக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். வெயில் வேண்டுமா, நிழலா? உயரத்தில் உட்கார வேண்டுமா, தண்ணீரில் இறங்க வேண்டுமா? தன் கூட்டத்தோடு இருக்கவேண்டுமா, சண்டைக்கு வருபவனிடமிருந்து விலகிப் போகவேண்டுமா? நம் கண்ணில் பட வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று சொல்ல அதற்கு இடமிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இனத்துக்கு இனம் இது எப்படி மாறும் என்பதற்குச் சிங்கவால் குரங்கைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்கே உரியது. உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போலக் குஞ்சம். பெரும்பாலும் உச்சிக்கிளைகளிலேயே வாழ்கிறது. இதைக் காப்பாற்றும் இனப்பெருக்கத் திட்டத்தில் வண்டலூருக்கு முக்கியமான பங்கு உண்டு. இந்தக் குரங்குக்கு அரை ஏக்கர் புல்தரை கொடுத்தால் அதற்கு ஒன்றும் கொடுத்ததாகாது. உயரம் வேண்டும், கிளையிலிருந்து கிளைக்குப் போகும் வழிகள் வேண்டும், கயிறு வேண்டும், இலை வேண்டும். அதன் முன்னால் பத்துப் பதினைந்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். பட்டையை உரித்துப் பார்க்கும், இலையைப் புரட்டிப் பூச்சி தேடும், கிடைத்ததை எல்லாம் கன்னப்பைக்குள் அடக்கிக்கொண்டு மேலே போய் ஆற அமரத் தின்னும். மூத்த ஆண் எங்கே உட்காருகிறது, குட்டியோடு இருக்கும் தாய் யாருக்கு வழிவிடுகிறது என்பதெல்லாம் மெல்லப் பிடிபடும். கிளையும் இலையும் இல்லாத சிமென்ட் கூண்டில் இதில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க முடியாது. விலங்கை மட்டும் அல்லாமல் அதன் வாழ்க்கையையும் காட்டுகிறது என்பதுதான் இந்த அமைப்பின் உண்மையான பலன்.

இன்னொரு பக்கமும் உண்டு. பச்சைப் பசேலென்று இருக்கும் எல்லாமே விலங்குக்காக இருப்பதில்லை. சில இடங்களில் அழகான மரங்கள் நிற்கும். உற்றுப் பார்த்தால் அடியில் மின்கம்பி சுற்றியிருக்கும், விலங்கு கிட்டப் போக முடியாது. பாறை போலத் தெரிவது வண்ணம் பூசிய சிமென்டாக இருக்கும், வெயிலில் கொதிக்கும். நமக்குக் காடு தெரிகிறது. அதற்குக் கிடைப்பதோ நடுவிலுள்ள மொட்டைத் தரை மட்டும். மரத்தைக் காக்கச் சில இடங்களில் இது தவிர்க்க முடியாதது, யானையை விட்டால் ஒரு மரமும் மிஞ்சாது என்பதும் உண்மை. ஆனாலும் 'அந்த நிழலில் இந்த விலங்கால் படுக்க முடியுமா? அந்தக் கிளையை இதனால் தொட முடியுமா?' என்று ஒவ்வோர் அடைப்பிடத்தின் முன்னும் கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்துவிட்டால், அவர்கள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

பார்ப்பவர் நிற்கும் இடமும் இந்தக் கலையில் ஒரு பகுதி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் கரடிகளைக் குழிக்குள் வைத்து, மேலேயிருந்து எட்டிப் பார்ப்பது நீண்டகால வழக்கம். 2009-இல் அதை விட்டு, ஆரே ஆற்றங்கரைச் சரிவில் அவற்றுக்குப் புதிய இடம் கொடுத்தார்கள். கரடி ஆற்றுநீரில் இறங்கலாம், சரிவில் ஏறலாம். மேலே நின்று குனிந்து பார்க்கும்போது எந்த விலங்கும் சிறுத்துத் தெரியும். கண்ணுக்குக் கண் பார்க்கும்போது அப்படித் தோன்றாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து உட்லேண்ட் பார்க் பூங்கா 1970-களின் இறுதியில் இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோனது. கொரில்லாவின் அடைப்பிடத்தில் இருக்கும் அதே தாவரங்களைப் பார்வையாளர் நடக்கும் பாதையிலும் நட்டார்கள். நீங்களும் அந்தக் காட்டுக்குள் நுழைந்துதான் கொரில்லாவைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 1973-இல் திறந்த மண்டாய் பூங்காவும் இந்தத் திறந்த முறைக்குப் பேர்போனது. அதற்குப் பக்கத்தில் 1994-இல் இரவுச் சஃபாரி தொடங்கியது. இரவில் நடமாடும் விலங்குகளைப் பகலில் எழுப்பிக் காட்டுவதைவிட, பார்ப்பவர்கள் இரவில் வருவதே முறை என்று யோசித்தவர்களை மெச்ச வேண்டும்.

பார்வையாளர் கண்ணுக்கே படாத ஒரு பகுதியும் இருக்கிறது: அடைப்பிடத்தின் பின்னால் இருக்கும் இரவுக்கூடம். சாயங்காலம் ஆனதும் புலி, சிங்கம், கரடி எல்லாம் அங்கே வந்துவிடும். யாரும் விரட்டுவதில்லை, சாப்பாடு உள்ளே இருக்கும், அதனால் தானாக வரும். உள்ளே இருக்கும்போதுதான் காயமோ நோயோ உண்டா என்று பார்ப்பார்கள், வெளி அடைப்பிடத்தைச் சுத்தம் செய்வார்கள். பெரிய பூனையினங்களுக்குப் பல பூங்காக்களில் வாரத்தில் ஒருநாள் தீனி கிடையாது. காட்டில் அவை தினமும் சாப்பிடுவதில்லை, வயிற்றுக்கு அந்த இடைவெளி நல்லது. கோடையில் கரடிக்குப் பழங்களை ஐஸில் உறையவைத்துக் கொடுப்பதும், யானைக்கு ஷவர் வைப்பதும் செய்தியில் படமாக வரும். குளிர்ச்சி ஒரு காரணம். இன்னொன்று, சாப்பாட்டுக்காகக் கொஞ்சம் பாடுபட வைப்பது. மரப்பொந்தில் தேன் தடவி வைப்பது, தீனியை வைக்கோலுக்குள் ஒளித்து வைப்பது, புது வாசனை ஒன்றைக் கொண்டுவந்து போடுவது எல்லாமே இதில் சேரும். நாள் முழுக்கத் தேடித் தின்னப் படைக்கப்பட்ட உடம்புக்குத் தட்டில் வைத்த சாப்பாடு ஐந்து நிமிட வேலை. மிச்ச நேரத்துக்கு அதற்கு ஏதாவது வேண்டாமா? நல்ல அடைப்பிடத்தில் பாதி நிலம் என்றால் மீதி இந்தப் பராமரிப்பாளர்களின் அன்றாட உழைப்பு. அவர்கள் விலங்குக்குப் பேர் சொல்லி அழைப்பதைக் கேட்டால் கொஞ்சம் நின்று பேச்சுக் கொடுங்கள், தகவல் பலகையில் இல்லாதது எல்லாம் கிடைக்கும்.

அப்புறம், நேரில் போகும்போது என்ன செய்யலாம்? வண்டலூரையே எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மின்சார ரயிலில் வண்டலூர் நிலையத்தில் இறங்கலாம். பேருந்தில் வந்தால் கிளாம்பாக்கம் முனையம் பக்கம். காலையில் திறந்த உடனே போவதுதான் உத்தமம். வெயில் ஏறிய பிறகு விலங்குகள் நிழல் தேடி ஒதுங்கிவிடும். அவற்றைக் குறை சொல்ல முடியாது, நாமும் அதைத்தான் செய்வோம். மார்கழி, தை மாதக் காலைகள் ஏப்ரல், மே மதியங்களைவிட எவ்வளவோ மேல். பரப்பு பெரிது, நடக்க முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி உண்டு, சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும். பெரியவர்களைக் கூட்டிப்போனால் வண்டியை யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். அதுதான் பெரும்பாலோர் களைத்துப் போவதற்குக் காரணம். ஒவ்வோர் இடத்திலும் அரைநிமிடம் நின்று அடுத்ததற்கு ஓடினால், ஒளிந்திருக்கும் விலங்கு கண்ணில் படவே படாது. நாலைந்து அடைப்பிடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் நிதானமாக நில்லுங்கள். கண்ணை முதலில் நிழலுக்கு அனுப்புங்கள், பிறகு தண்ணீர் ஓரம், பிறகு கட்டைகளின் பின்பக்கம். முழு உடம்பைத் தேடாமல் ஒரு காது அசைவதை, ஒரு வால் நுனி புரள்வதைத் தேடுங்கள். புலியின் வரிகள் காய்ந்த புல்லில் எப்படிக் கரைந்துபோகின்றன என்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். கொஞ்ச நேரம் கழித்தும் தெரியவில்லையா, போய்விட்டுத் திரும்பி வாருங்கள். நடுவில் ஓட்டேரி ஏரிப் பக்கம் போனால், பூங்காவுக்குச் சொந்தமில்லாத பறவைகள் பருவத்தில் தாமாகவே வந்து இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். அடைப்பிடமும் காடும் அங்கே ஒன்றாகக் கலந்திருப்பதால், பார்க்க வந்தவர்களுக்கு அது கூடுதல் வரவு.

சத்தம் போடுவது, கை தட்டுவது, விசிலடிப்பது, கல்லெறிவது, சிப்ஸ் போடுவது இவையெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவின்படி குற்றம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். தூங்கும் விலங்கை எழுப்பினால், அது எழுந்து வந்து நமக்கு முகம் காட்டப் போவதில்லை. இன்னும் உள்ளே தள்ளிப் போகும், அடுத்து வருபவர்களுக்கும் தெரியாமல் போகும். சில்லுகருப்பட்டியோ பிஸ்கட்டோ போட்டால் குரங்குக்கு வயிறு கெடும், அதோடு கம்பியோரம் கையேந்தி உட்காரும் பழக்கமும் வந்துவிடும். மழைக்காட்டின் உச்சிக்கிளைக்குரிய உயிரைக் கையேந்த வைத்துவிட்டு அதைப் பார்த்துச் சிரிப்பதில் என்ன இருக்கிறது?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: விலங்குகளை அடைத்து வைக்கத்தான் வேண்டுமா? துருவக் கரடி, யானை போன்றவற்றை நகரத்துப் பூங்காக்களில் வைக்கவே கூடாது என்று நான் நினைக்கிறேன். எவ்வளவு நல்ல அகழி வெட்டினாலும் அவற்றுக்குப் போதாது. சிங்கவால் குரங்கு போல அருகிவரும் இனங்களைப் பெருக்குவதற்கும், மீட்கப்பட்டு மறுபடி காட்டில் விட முடியாத விலங்குகளுக்கும் இப்படி ஓர் இடம் தேவை என்றும் நினைக்கிறேன். எந்த இனம், எதற்காக, எப்படிப்பட்ட இடத்தில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

அதற்குப் பார்வையாளரும் உதவலாம். நிழலே இல்லாத அடைப்பிடத்தையோ, ஓயாமல் ஒரே தடத்தில் நடக்கும் விலங்கையோ, தண்ணீர் வற்றிய தொட்டியையோ பார்த்தால், வெளியே வந்து குறை பேசுவதோடு நிறுத்தாமல் பூங்கா இயக்குநருக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதுங்கள். பதில் வராவிட்டால் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கு எழுதலாம். எந்த அடைப்பிடம், என்ன தேதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று நாலு வரி போதும். நல்ல ஏற்பாடு கண்ணில் பட்டால் அதையும் எழுதுங்கள். புதருக்குப் பின்னால் படுத்திருந்த புலியைப் பார்க்க முடியாமல் திரும்பினேன், அந்தப் புதர் அப்படியே இருக்கட்டும் என்றுகூட எழுதலாம். 'புலி தெரியவில்லை' என்ற புகார்கள் குவிந்தால் அந்தப் புதரை வெட்டச் சொல்லி யாராவது வருவார்கள், அப்போது பராமரிப்பாளர் எடுத்துக்காட்ட அந்தக் கடிதம் கையில் இருக்கும்.